அரை டம்ளர்

ஏப்ரல் 27, ஞாயிறு

நறுமுகை காலையில் வந்து மதியமே கிளம்பிவிட்டாள். பெற்ற மகள் தங்கியது ஒருவேளைச் சாப்பாட்டுக்கு. அவள் நாய் தங்கப்போவது ஜூன் வரைக்கும். கம்பெனியில் புனேவுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்களாம். அங்கே விடுதியில் நாய்க்கு இடமில்லையாம். "உனக்குத்தான் ஸ்கூல் லீவாச்சேம்மா" என்று சொல்லிவிட்டாள். ஆசிரியையின் விடுமுறை மட்டும் எப்போதும் ஊருக்குப் பொதுச்சொத்து.

நாயின் பெயர் சுண்டல். கொண்டைக்கடலை நிறம், அதனால். நாட்டு நாயும் லேப்ரடாரும் கலந்த கலவை. வந்ததும் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, என்னை ஏறிட்டும் பார்க்காமல், நேராக மாமாவின் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மாமாவுக்கு ஒரே சந்தோஷம்.

நறுமுகை செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "சாப்பாடு முன்னப்பின்ன ஆனாலும் பரவால்லம்மா. தண்ணிக் கிண்ணம் மட்டும் காலியா இருக்கவே கூடாது. மூணு வேளை கீழ கூட்டிட்டுப் போ." சரி என்றேன். ஒன்பதாம் வகுப்பு 'இ' பிரிவையே மேய்க்கிறவள் நான். ஒரு நாயை மேய்க்க மாட்டேனா?

மாமா என்று நான் எழுதுவது என் மாமனாரை. பெயர் அருணகிரி, வயது எண்பத்தொன்று, காட்பாடி ஜங்ஷனில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பொங்கலுக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கட்டிலிலிருந்து எழுந்து கழிவறைக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி நாள் வேட்டி நனைந்துவிடும். பார்த்துக்கொள்ள வந்த அம்மாள் பங்குனியோடு நின்றுவிட்டாள். இவர், மாமாவின் மகன், மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ஆக எல்லாம் என் தலையில். அதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது. இப்போது பரவாயில்லை. விரிப்பு முன்போல நனைவதில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

கூடத்தில் ஒரு தடவை, சோபா காலடியில் ஒரு தடவை. மாப் போட்டு, ஃபினாயில் ஊற்றி, மறுபடி மாப் போட்டேன். குழாயில் தண்ணீர் வருவது வாரத்துக்கு இரண்டு நாள். அதில் பாதி நாய் மூத்திரத்துக்கே போய்விடும்போல் இருக்கிறது. மாமாவின் விரிப்புகளை அலசி அலசிக் கை தோல் உரிந்து, இப்போதுதான் அதிலிருந்து மீண்டேன்.

மூன்று வேளை கீழே கூட்டிப் போகவேண்டுமாம். விடிந்ததும் ஒருவேளை போகிறேன். மற்ற வேளைகளில் வெயில். இது என் நோட்டு, இதில் பொய் எதற்கு: வெயில் மட்டும் காரணமில்லை. தெரு முழுக்க "வணக்கம் டீச்சர்" என்று சொல்கிறவர்கள். சங்கத் தலைவர் பரந்தாமன் சார் வீட்டு வாசலில் இது காலைத் தூக்க, நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதா?

ஏப்ரல் 30, புதன்

மறுபடியும். இந்த முறை பூஜை அறை வாசலில்.

மே 1, வியாழன்

குறிஞ்சி நகர் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம். கத்திரி தொடங்கும் அன்றே நீர்மோர்ப் பந்தல் போடுவதென்று முடிவாயிற்று. பொறுப்பு என்னுடையது. பரந்தாமன் சார், "பூங்கோதை டீச்சர் கையில குடுத்தா நமக்குக் கவலையில்ல" என்றார். மோர் மனிதர்களுக்கு மட்டும் போதாது, தெருநாய்களுக்கும் காக்கைகளுக்கும் பந்தலுக்கு வெளியே மண்சட்டியில் தண்ணீர் வைக்கவேண்டும் என்று நான் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். நல்ல யோசனை சொன்ன மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தால் சமையலறை வாசலில் குளம்.

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். காலையில் அரைக் கிண்ணம், மதியம் அரைக் கிண்ணம். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்குக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவது. உள்ளே போவது குறைந்தால் வெளியே வருவது தானாகக் குறையும். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். இந்த வீட்டில் ஏற்கெனவே செய்து பார்த்துப் பலித்த வழிதான்.

மாமாவுக்குக் காலை மாத்திரை, இரவு மாத்திரை கொடுத்தாயிற்று. அரை டம்ளர், அரை டம்ளர். நாலு மணிக் காபியை அவராகவே விட்டுவிட்டார்.

மே 4, ஞாயிறு

பந்தல் திறப்பு. முருகன் கோயில் திருப்பத்தில், புங்கமரத்தை ஒட்டித் தென்னங்கீற்றுப் போட்டு, மாவிலை கட்டி, மூன்று பெரிய மண்பானைகள். மோரில் இஞ்சி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, பெருங்காயம் எல்லாம் என் மேற்பார்வை. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரிக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. பத்து மணிக்கே தார்ச்சாலை செருப்பைப் பிடித்து இழுத்தது. ஷேர் ஆட்டோவை நிறுத்தி நிறுத்திக் குடித்துவிட்டுப் போனார்கள். வியர்வையில் குளித்திருந்த ஒரு பூக்காரப் பெண் மூன்று டம்ளர் குடித்துவிட்டு, வயிற்றைத் தடவியபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கே இவ்வளவு பாடும் தகும்.

என்னைப் பேசச் சொன்னார்கள். கேட்கத் தெரிந்தவனுக்குக் கொடுப்பது உதவி, கேட்கத் தெரியாத வாயில்லா ஜீவனுக்குக் கொடுப்பதுதான் அறம் என்று பேசினேன். கைதட்டல். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வந்து, நான் நாய்ச்சட்டியில் தண்ணீர் ஊற்றுவதுபோல் படம் எடுத்தார். முதல் தடவை கண்ணை மூடிவிட்டேன். அதனால் நிரம்பிய சட்டியைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றவேண்டியதாயிற்று. போகும்போது வீட்டுக்கு என்று ஒரு செம்பு மோர் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் குளியலறைத் தரையில் தேங்கியிருந்த தண்ணீரைச் சுண்டல் நக்கிக்கொண்டிருந்தது. விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மாமா, "கூட்டம் நல்லாவாம்மா? மோர் எல்லார்க்கும் பத்துச்சா?" என்று கேட்டார். பத்துச்சு, தீர்ந்துடுச்சு என்றேன். அவருக்கு ஒரு டம்ளர் எடுத்துவைக்கத் தோன்றவில்லை. அந்தக் கூட்டத்தில் எப்படித் தோன்றும்?

மே 6, செவ்வாய்

படம் வந்துவிட்டது. நாலாம் பக்கம், பரவாயில்லாத அளவில். காலையிலிருந்து கைபேசி ஓயவில்லை. தலைமை ஆசிரியை அதைப் பள்ளிக் குழுவில் போட்டிருக்கிறார்.

இவர் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். படத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டார். அப்பாவிடம் கொடு என்றார். கொடுத்தேன். "பூங்கோதை பாத்துக்குது, எனக்கு இன்னா கொறை" என்றார் மாமா. நாக்கு ஒட்டிக்கொள்வதுபோல் ஒரு பேச்சு. அப்பா இளைத்தமாதிரி இருக்கிறாரே என்று இவர் கேட்டார். வெயில் என்றேன்.

விளக்கேற்றிய பிறகு மாமா கூப்பிட்டார். "சுண்டலுக்குக் கொஞ்சம் தண்ணி வைம்மா. பாவம், நாக்கத் தொங்கப் போட்டுக்கினு இருக்குது."

எனக்குச் சுருக்கென்றது. தனக்குக் கேட்க வெட்கப்பட்டு நாயின் பேரில் கேட்கிறார் என்று நினைத்தேன். அந்தச் சாமர்த்தியம் எனக்குப் பிடிக்கவில்லை. "குடிச்சிட்டு ராத்திரி எல்லாம் நனைச்சா யாரு மாமா அலசறது?" என்று கேட்டுவிட்டேன். நாயைத்தான் சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மே 9, வெள்ளி

வழி பலித்துவிட்டது. கூடம் காய்ந்து கிடக்கிறது. அதற்கே ஒரு பாயசம் வைக்கலாம். எப்போதாவது மூலையில் கொஞ்சம் விட்டாலும், அளவு கொஞ்சம்தான். நாற்றம்தான் குடலைப் பிடுங்குகிறது. பச்சை ஃபினாயில் போய்க் கறுப்பு ஃபினாயில் வாங்கினேன்.

சுண்டல் நாளெல்லாம் மாமாவின் கட்டிலடியிலேயே கிடக்கிறது. கூப்பிட்டால் வாலை ஒரு தடவை தரையில் தட்டுகிறது, எழுந்து வருவதில்லை. அடங்கிவிட்டது. மாமாவும் தொந்தரவு இல்லை. மாத்திரை கொடுத்துவிட்டு நான் தோசையைத் திருப்பிப் போட்டு வருவதற்குள் டம்ளர் சொட்டு மிச்சமில்லாமல் காலியாகியிருக்கும். விரிப்பும் காய்ந்தே இருக்கிறது.

பந்தலில் இன்று தர்ப்பூசணியும் கொடுத்தோம்.

மே 12, திங்கள்

மாமாவுக்கு நினைவு தடுமாறுகிறது. காலையில் என்னைச் "சம்பூர்ணம்" என்று கூப்பிட்டார். அது அத்தையின் பெயர். அவர் போய்ப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. பிறகு, "ஜோலார்பேட்டை வண்டிக்குக் கொடி காட்டணும், என் பச்சக் கொடி எங்க?" என்று தேடினார். தலையணைக்கு அடியில் கையை விட்டுத் துழாவுகிறார். வயதாகிவிட்டது. எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

இவரிடம் சொன்னேன். அழுதுவிட்டார். பிறகு, "நீ ஒருத்தி அங்க இருக்கிறதாலதான் நான் இங்க நிம்மதியாத் தூங்கறேன்" என்றார். கேட்க நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்றுதான் அப்போது நினைத்தேன்.

சுண்டல் சோற்றைத் தொடவில்லை.

மே 13, செவ்வாய்

இன்றும் தொடவில்லை. மஞ்சளாக வாந்தி. நறுமுகை கூப்பிட்டபோது, ஜம்மென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பயிற்சியில் இருக்கிற பெண்ணை எதற்குக் கலவரப்படுத்துவது.

மே 14, புதன்

காலையில் சுண்டல் எழுந்து நிற்க முயன்று பின்னங்கால் மடங்கி விழுந்தது. பழைய சேலையில் சுற்றி ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினேன். வழியெல்லாம் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இத்தனை நாளில் அதை நான் தொட்டதே இன்றைக்குத்தான்.

டாக்டர் ஷாஹிதா என்று ஒரு சின்னப் பெண். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். உதட்டைத் தூக்கி ஈறில் விரலை வைத்தாள். "பாருங்கம்மா, வழவழன்னு இருக்கணும். ஒட்டுது." பிறகு பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டாள். தோல் இறங்கவில்லை. கூடாரம் போட்டதுபோல் அப்படியே நின்றது. பிறகு மெல்ல, ரொம்ப மெல்லப் படிந்தது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறான்?"

தெரியவில்லை என்றேன். அரைக் கிண்ணம் இருக்கும் என்றேன். "வச்சா குடிக்க மாட்டேங்குதுங்க" என்றும் சொன்னேன். இந்தப் பொய் எங்கிருந்து இவ்வளவு தயாராக வந்ததென்று தெரியவில்லை. நாக்கில் உட்கார்ந்திருந்தமாதிரி வந்தது.

அவள் என்னை நம்பினாள். அதனால் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். நாய்க்கு உடம்பின் எடையில் கிலோவுக்கு ஐம்பது அறுபது மில்லி தண்ணீர் தினமும் உள்ளே போகவேண்டுமாம். இவன் பதினெட்டுக் கிலோ, ஆகவே ஒரு லிட்டராவது வேண்டும். கத்திரி வெயிலில் அதற்கும் மேலே. அதை அளந்து ஊற்றக்கூடாது; வைத்துவிடவேண்டும், அவனுக்குத் தேவையானதை அவன் குடித்துக்கொள்வான். "சில பேரு வீட்டை நனைக்குதுன்னு தண்ணியக் குறைச்சிடுவாங்கம்மா. அது ரொம்பத் தப்பு. மூத்திரம் நிக்காது, கெட்டியாகிப் புண்ணாக்கிடும். அப்புறம் இன்னும் அடிக்கடி வரும், எரியும். இவனுக்கு இன்ஃபெக்ஷன் இருக்கு. கிட்னி என்ன நிலைமைன்னு ரத்தம் பாத்தாத்தான் தெரியும்." நனைக்கிற நாயைத் திட்டக்கூடாது, நேரத்துக்கு வெளியே கூட்டிப் போகவேண்டும், அவ்வளவுதான் வைத்தியம் என்றாள்.

நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை இப்படித்தான் ஆட்டும்.

முன்னங்காலில் மயிரைச் சிரைத்து ஊசி ஏற்றினார்கள். பாட்டிலைத் தொங்கவிட்டுவிட்டு அவள் திரும்பி என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க பேப்பர்ல வந்தீங்க இல்ல? நாய்க்குத் தண்ணி வைக்கிற டீச்சர். நான் அதை எடுத்து ஸ்டேட்டஸ் வச்சிருந்தேம்மா."

சுண்டலை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். திரும்பும் ஆட்டோவில் கை என்னையறியாமல் என் புறங்கைத் தோலைக் கிள்ளிக் கிள்ளி விட்டுக்கொண்டிருந்தது. என் தோல் சட்சட்டென்று படிந்தது. பிறகு வேறொருவருடைய கை நினைவுக்கு வந்தது.

மாமாவுக்கு மாத்திரை நேரம். போகிறேன்.

மே 15, வியாழன்

மருத்துவமனை. மாமா தூங்குகிறார். நேற்று நோட்டை மூடிவிட்டுப் போனபின் நடந்ததை எழுதவேண்டும். எழுதாமல் விட்டால் நாளைக்கு இதையும் வேறுமாதிரி எழுதிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

முழு டம்ளர் கொண்டுபோனேன். விளிம்பு வரைக்கும். மாமா கண்ணை மூடிக் கிடந்தார். உதட்டின் ஓரங்கள் வெடித்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தன. தினமும் இரண்டு வேளை பார்த்த உதடுதான். எழுப்பி உட்காரவைத்தேன். டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முழுசா இருக்குதே" என்றார். குடிங்க என்றேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். தொண்டை ஏறி இறங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. சரியாகப் பாதியில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு, கட்டிலின் ஓரமாகச் சாய்ந்து, மிச்சத் தண்ணீரோடு டம்ளரைத் தரைக்கு இறக்கினார். "இந்தாடா" என்றார்.

கட்டிலடியில் யாருமில்லை. டம்ளரை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். "எங்கம்மா அவன்?"

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"தினமும் அதுக்குக் குடுத்தீங்களா மாமா?"

"அது வாயில்லாததும்மா. கேக்கத் தெரியாது."

என் பந்தல் பேச்சு அவர் காதுக்கு வந்திருக்காது. வந்திருந்தால்கூட அதைக் குத்திக்காட்டுகிற மனிதரில்லை. அரை டம்ளரில் அரை டம்ளர். நாய் இத்தனை நாள் தாங்கியது அந்தக் கால் டம்ளரில்தான். அவரும்தான்.

"நீங்க கேட்டிருக்கலாமே மாமா. உங்களுக்குக் கேக்கத் தெரியுமே."

"கேட்டா உனக்குத்தானம்மா வேலை."

இதைச் சாதாரணமாகச் சொன்னார். ஒரு குறையும் இல்லாத குரலில். சொல்லிவிட்டு மறுபடி கொடியைத் தேட ஆரம்பித்தார். பரந்தாமன் சாரைக் கூப்பிட்டேன். அவர் கார் எடுத்துக்கொண்டு வந்தார்.

நாலு மணிக் காபியை மாமா அவராக விடவில்லை. சித்திரைப் பிறப்பன்று, ஒரே நாளில் மூன்று விரிப்பு நனைந்தபோது, "இனிமே சாயங்காலக் காபி வேணாம் மாமா, தண்ணியும் மாத்திரைக்கு மட்டும் போதும்" என்று சொன்னது நான். அவர் சரிம்மா என்றார். அதன்பின் ஒரு நாளும் கேட்கவில்லை. அவர் கேட்காததை நான் வசதியாக எடுத்துக்கொண்டேன். நாய்க்குச் செய்தது இரண்டாவது. முதலில் செய்தது மாமாவுக்கு. வெட்கமாக இருக்கிறது. எழுதும்போதே காது சுடுகிறது.

மே 16, வெள்ளி

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். உப்புச் சத்து தாறுமாறாக இருக்கிறதாம், அதனால்தான் பேச்சு தடுமாறியதாம். இரண்டு மூன்று நாள் ட்ரிப்ஸ் ஏறினால் தெளிந்துவிடுவார், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார். மறதி என்று இவரிடம் சொல்லி, பாவம் அவரை அழவைத்தேனே.

நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் டாக்டரே, "வயசானவங்களுக்குத் தாகம் தெரியாதும்மா. நாம வச்சாலும் குடிக்க மாட்டாங்க. உங்க மேல தப்பில்ல" என்றார். திறந்த வாயை மூடிக்கொண்டேன். கால்நடை டாக்டரிடம் நான் சொன்ன பொய்யை இந்த டாக்டர் எனக்கே திருப்பிக் கொடுக்கிறார். எவ்வளவு வசதி.

அப்போது கட்டிலிலிருந்து மாமாவின் குரல் வந்தது. தெளிவாக. "ஆமா டாக்டர். பூங்கோதை வச்சிக்கினுதான் இருக்கும். நான்தான் குடிக்கறதில்ல."

டாக்டர் சிரித்துக்கொண்டே அவரைச் செல்லமாகத் திட்டினார். மாமா தலையைக் குனிந்து திட்டு வாங்கிக்கொண்டார். நான் பாட்டிலில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மே 17, சனி

சுண்டல் எழுந்து நின்றுவிட்டான். சிறுநீரகம் தப்பித்தது.

டாக்டர் ஷாஹிதாவிடம் உண்மையைச் சொன்னேன். வச்சா குடிக்கும், நான்தான் வைக்கவில்லை என்றேன். அவள் திட்டவில்லை. கையிலிருந்த கையுறையைக் கழற்றி, மெதுவாக மடித்து, குப்பையில் போட்டாள். பிறகு மாத்திரை எப்படிக் கொடுப்பது என்று சொன்னாள். "அம்மா" என்று மட்டும் கூப்பிடவில்லை.

மே 20, செவ்வாய்

இரண்டு பேரும் வீட்டில். மாமாவின் கட்டிலருகே ஸ்டூலில் ஒரு கூஜா நிறையத் தண்ணீர், கை எட்டும் தூரத்தில் டம்ளர். கட்டிலடியில் சுண்டலுக்குப் பெரிய கிண்ணம். மூன்று வேளை அவனைக் கீழே கூட்டிப்போகிறேன். பரந்தாமன் சார் வீட்டு வாசலில்தான் முதலில் காலைத் தூக்குகிறான். அவர் "வணக்கம் டீச்சர்" என்கிறார். நானும் வணக்கம் என்கிறேன். வானம் இடிந்து விழவில்லை. கூடம் நனைவதும் நின்றுவிட்டது.

மாமாவின் விரிப்பு நனைகிறது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று. மாற்றும்போதெல்லாம் அவர் முகத்தை மூடிக்கொள்கிறார். பரவாயில்லை மாமா என்கிறேன். மூடிய கைக்குள்ளிருந்து, "கொறைச்சிக்கறம்மா" என்கிறார். வேண்டாம் மாமா, குறைக்கவே கூடாது என்று தினமும் சொல்கிறேன். அவருடைய கழிவறைக்குப் பக்கத்தில் கைப்பிடி அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். பார்த்துக்கொள்ள ஓர் அம்மாளையும் தேடிக்கொண்டிருக்கிறேன். பங்குனியிலேயே செய்திருக்கவேண்டியவை.

நறுமுகையிடம் சுண்டலைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் அழுதாள். "ஒண்ணே ஒண்ணுதானேம்மா சொன்னேன்" என்றாள். அடுத்து, தாத்தா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது தேறிவிட்டார் என்றேன். தாத்தாவுக்கு நான் செய்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாய்க்கு இப்படி அழுகிறவள் அதற்கு என்ன செய்வாள்?

மே 24, சனி

இவரிடம் இன்று சொல்லிவிடுவதென்று இருந்தேன். கைபேசியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். மணி அடித்தது. எடுத்ததுமே, "நீ இல்லன்னா அப்பா இல்ல பூங்கோதை" என்று குரல் உடைந்து சொன்னார். சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

மே 28, புதன்

கத்திரி இன்றோடு முடிகிறது. பந்தல் நிறைவு விழா. வரமாட்டேன், மாமாவுக்கு முடியவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. சேலை மாற்றிக்கொண்டு போனேன். ஆளாளுக்குப் பாராட்டினார்கள். வீட்டில் வயதான மாமனாரையும் வைத்துக்கொண்டு ஊருக்கும் தண்ணீர் வார்த்தவர் என்று பரந்தாமன் சார் சொன்னபோது என் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதற்கும் கை தட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு வார்த்தையும் பேசாமல் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். அடக்கம் என்று அதையும் மெச்சினார்கள்.

இந்தமுறை மறக்காமல் ஒரு செம்பு மோர் வாங்கி வந்தேன்.

பொன்னாடையை உள்ளே மறைத்துவைக்கத்தான் போனேன். மாமா பார்த்துவிட்டார். காட்டச் சொன்னார். மடியில் விரித்து, ஜரிகையை விரலால் நீவிப் பார்த்தார். "நல்லா இருக்குதும்மா. ஊர்ல சும்மாவா போடுவாங்க" என்றார். அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். கேலி இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை.

மோரை டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்தார். நிறுத்தினார். கட்டிலடியை ஒருதடவை பார்த்தார். "அவனுக்கு அங்க இருக்கு மாமா, கிண்ணம் நிறைய. இது முழுக்க உங்களுக்கு" என்றேன். மெல்ல மிச்சத்தையும் குடித்தார்.

அடுப்பை அணைக்க எழுந்து போனேன். சமையலறையிலிருந்து பார்த்தால் அவர் கட்டில் தெரியும். சுண்டல் வெளியிலிருந்து வந்தவன், நேராகக் கிண்ணத்துக்குப் போய், சளப் சளப் என்று தரையெல்லாம் தெறிக்கக் குடித்தான். வேண்டிய அளவு குடித்துவிட்டு, தண்ணீர் சொட்டுகிற மூஞ்சியோடு வந்து என் காலில் தேய்த்துவிட்டுப் போனான். அவன் என்னை மறந்து மன்னித்துவிட்டான், அல்லது மன்னித்து மறந்துவிட்டான்.

மாமா அதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஸ்டூலில் இருந்த கூஜாவைப் பார்த்தார். கையை நீட்டினார். கூஜாவைத் தொடுமுன் கை நின்றது. நான் நிற்கும் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கட்டுமாம்மா?"